செல் பெருகுகிறது, புரதம் கூடவில்லை: ஈ.கோலை ஊடகத்தை எங்கிருந்து சரிசெய்வது?

கேள்வி இதுதான். பெட்-28 பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்) வைத்த ஒரு நொதியை பிஎல்21(டிஇ3) என்ற ஈ.கோலை பாக்டீரியா வகையின் செல்களில் தயாரிக்கிறீர்கள். எல்.பி. என்ற வழக்கமான வளர்ப்பு ஊடகத்தில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வந்தது. டெரிஃபிக் பிராத் என்ற சத்து மிகுந்த ஊடகத்துக்கு மாறியதும் செல்களின் எடை நான்கு மடங்கானது. ஆனால் சுத்திகரித்த புரதம் 4 மில்லிகிராமைத் தாண்டவில்லை. குளுக்கோஸ் சேர்க்கலாமா, தாது உப்புகள் சேர்க்கலாமா, இல்லை எல்லாவற்றையும் புள்ளியியல் முறையில் ஒரேயடியாகச் சோதித்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. லிட்டர் கணக்கில் 3 என்பது 4 ஆனது, சிறு முன்னேற்றம்தான். ஒரு கிராம் செல்லுக்கு எவ்வளவு என்று பாருங்கள்: மூன்றில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. அதாவது செல்களுக்குச் சாப்பாடு போதவில்லை என்பது உங்கள் பிரச்சினையே அல்ல. சாப்பிட்டு நன்றாகப் பெருகியிருக்கின்றன, உங்கள் புரதத்தைத்தான் செய்யவில்லை. இந்த நிலையில் இன்னும் சர்க்கரையும் உப்பும் கொட்டினால் செல் வண்டல்தான் பெரிதாகும்.

பெட்-28 என்றதுமே எனக்கு முதலில் சந்தேகம் வருவது கனமைசின் மீதுதான், அதாவது பிளாஸ்மிட் இல்லாத செல்களைத் தடுக்கப் போடும் ஆன்டிபயாடிக் மீது. டெரிஃபிக் பிராத்தில் இரண்டு பாஸ்பேட் உப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 90 மில்லிமோலார் இருக்கிறது. பாஸ்பேட் அதிகமுள்ள சத்தான ஊடகத்தில், வழக்கமாக எல்.பி.க்குப் போடும் கனமைசின் அளவு பிஎல்21(டிஇ3) செல்களைத் தடுக்கப் போதாது. பிளாஸ்மிட் இல்லாத செல்லும் தடையில்லாமல் வளரும். புரத உற்பத்தியைத் தானே தூண்டும் ஊடகங்களை உருவாக்கிய வில்லியம் ஸ்டூடியர் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் போடுவதுதான் அங்கே வழி. பிளாஸ்மிடைச் சுமக்காத செல்லுக்கு வேலைப்பளு குறைவு, அதனால் வேகமாகப் பெருகும். சில தலைமுறைகளிலேயே குடுவையில் பெரும்பான்மை அவைதான் என்றாகிவிடும்.

இதைச் சோதிப்பது சுலபம். ஐபிடிஜி (புரத உற்பத்தியைத் தூண்டும் வேதிப்பொருள்) போடுவதற்குச் சற்று முன் கொஞ்சம் கல்ச்சரை எடுத்துப் பத்து லட்சம் மடங்கு வரை நீர்த்து, கனமைசின் உள்ள எல்.பி. அகார் தட்டிலும் இல்லாத தட்டிலும் சம அளவு பரப்புங்கள். சேர்த்த பாஸ்பேட் எல்.பி. அகாரில் இல்லாததால் அங்கே கனமைசின் ஒழுங்காக வேலை செய்யும். மறுநாள் ஒரு தட்டில் 200 காலனி, இன்னொன்றில் 40 என்றால், உங்கள் குடுவையில் ஐந்தில் நான்கு செல்கள் வெறும் செல்கள். இதைப் பார்க்காமல் ஊடகத்தைத் திருத்த உட்காருவது வீண் வேலை. (ஆம்பிசிலின் பிளாஸ்மிட் வைத்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை வேறு வழியில் வரும். அந்த எதிர்ப்பைத் தரும் பீட்டா-லாக்டமேஸ் நொதி வெளியே கசிந்து சில மணி நேரத்தில் ஆம்பிசிலினைத் தின்றுவிடும். அதே வகை ஆன்டிபயாடிக்கான கார்பெனிசிலின் இன்னும் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.)

அடுத்த சோதனை கரைதிறன். அந்த 4 மில்லிகிராம் என்பது செல்கள் செய்த மொத்தப் புரதமா, அல்லது கரைந்து நின்ற மிச்சமா? செல்லை உடைத்ததும் மொத்தக் கலவை, மேலே தெளிந்த நீர், கீழே படிந்த வண்டல் மூன்றையும், புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஒரே ஜெல்லில் ஓட்டுங்கள். ஒவ்வொரு குழியிலும் ஒரே எண்ணிக்கையிலான செல்களிலிருந்து வந்த அளவை ஏற்றுங்கள். ஓடி (கலங்கலை வைத்துச் செல் அளவைக் காட்டும் ஒளியடர்த்தி எண்) பார்த்துச் சமன்செய்யாமல் ஏற்றிய ஜெல்லை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வண்டல் குழியில் தடித்த பட்டை தெரிந்தால், புரதம் உருவாகியிருக்கிறது, மடிப்பதில்தான் செல் தோற்றிருக்கிறது. அப்போது செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது: தூண்டும் முன் 18 அல்லது 20 டிகிரிக்கு இறக்கி, ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாருக்குக் குறையுங்கள். ஊடகத்தின் பக்கத்திலிருந்து உதவக்கூடியவை சார்பிட்டாலும் பீட்டெய்னும். 1 மோலார் சார்பிட்டாலோடு 2.5 மில்லிமோலார் பீட்டெய்ன் என்பது பழைய, சோதித்துப் பார்த்த அளவு. சில புரதங்களுக்கு அற்புதமாக உதவும், பலவற்றுக்கு ஒன்றும் செய்யாது. வெப்பநிலையை முதலில் பாருங்கள்.

இந்த இரண்டும் தெளிவான பிறகு ஊடகத்துக்கு வருவோம்.

எல்.பி. புரதம் தயாரிப்பதற்காக உருவானது அல்ல. ஜூசப்பே பெர்டானி 1951-ல் வெளியிட்ட கட்டுரையில், பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸ்களைப் பற்றிய ஆய்வுக்காகப் பயன்படுத்திய ஊடகம் அது. லிட்டருக்கு டிரிப்டோன் 10 கிராம், ஈஸ்ட் சாறு 5 கிராம், உப்பு 5 அல்லது 10 கிராம். பார்க்கச் சத்தாக இருக்கும், ஆனால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. செல்கள் அமினோ அமிலங்களைத்தான் எரிபொருளாக எரிக்கின்றன. அவற்றிலும் சுலபமானவை சீக்கிரம் தீர்ந்துவிடும். 2007-ல் வந்த ஒரு கவனமான ஆய்வு, எல்.பி.யில் ஓடி 0.3-ஐத் தாண்டும்போதே சீரான வளர்ச்சி முடிந்துவிடுகிறது என்று காட்டியது. நாம் எல்லோரும் 0.6-ல் ஐபிடிஜி போடுகிறோம். செல்கள் ஏற்கெனவே ஒரு சாப்பாட்டை முடித்து அடுத்ததைத் தேடும் நேரம் அது.

அமினோ அமிலத்தை எரித்தால் அம்மோனியா மிஞ்சும். இரவு முழுக்க ஷேக்கரில் இருந்த எல்.பி. கல்ச்சரைக் காலையில் பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள், 8-க்கு மேல் போயிருக்கும், சில சமயம் 9-ஐ நெருங்கும். அறுவடை நேரத்தில் பிஎச் தாளை ஒரு தடவை நனைத்துப் பார்ப்பதைவிட மலிவான, அதைவிட அதிகம் சொல்லும் சோதனை இந்த வேலையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. மேலே ஏறியிருந்தால் சர்க்கரையோ கிளிசராலோ தீர்ந்து, செல்கள் அமினோ அமிலத்தைத் தின்னத் தொடங்கிவிட்டன. 6-க்குக் கீழே இறங்கியிருந்தால் அசிட்டேட் என்ற அமிலக் கழிவு தேங்கியிருக்கிறது: சர்க்கரை அதிகம், அல்லது ஆக்சிஜன் குறைவு, பெரும்பாலும் இரண்டும். 7-ஐ ஒட்டி நின்றிருந்தால் ஊடகம் தன் வேலையைச் செய்திருக்கிறது, குறையை வேறு இடத்தில் தேடுங்கள்.

டெரிஃபிக் பிராத் இந்தக் குறைகளை நேரடியாகச் சரிசெய்யும் செய்முறை. டிரிப்டோன் 12 கிராம், ஈஸ்ட் சாறு 24 கிராம், கிளிசரால் 4 மில்லிலிட்டர், அதோடு பிஎச் ஏறி இறங்காமல் பிடித்துக்கொள்ளப் பாஸ்பேட். ஈஸ்ட் சாறு எவ்வளவு கூடியிருக்கிறது பாருங்கள், எல்.பி.யைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. விட்டமின், தாது, நியூக்ளியோடைடு எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. கிளிசரால் மெதுவாக உள்ளே போகும் கார்பன். இந்த மெதுவே அதன் பலம்.

குளுக்கோஸ் கேள்விக்கு இங்கேதான் பதில். ஐபிடிஜி போடும் கல்ச்சரில் குளுக்கோஸைச் சும்மா சேர்க்க வேண்டாம். ஈ.கோலைக்குக் குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால், தன் சுவாசச் சுழற்சி தாங்கும் அளவைவிட வேகமாக அதை உடைக்கும். மிஞ்சும் கார்பனை அசிட்டேட்டாக வெளியே தள்ளும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் இது நடக்கும். லிட்டருக்கு ஓரிரு கிராம் அசிட்டேட் சேர்ந்தாலே புரத உற்பத்தி பாதிக்கப்படத் தொடங்கும், இன்னும் ஏறினால் வளர்ச்சியே மந்தமாகும். பிஎல்21 இந்த விஷயத்தில் கே-12 என்ற ஈ.கோலை வகைகளைவிட நல்ல பிள்ளை: அசிட்டேட்டைத் திரும்பப் பயன்படுத்தும் கிளையாக்ஸிலேட் வழி அதில் சுறுசுறுப்பாக இருப்பதால் அசிட்டேட்டைக் குறைவாகவே சேர்க்கும். ஆனாலும் குலுக்கும் குடுவையில் 1 சதவீதக் குளுக்கோஸ் என்பது அதற்கும் அதிகம்தான்.

ஆனால் குளுக்கோஸுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. தூண்டுவதற்கு முன்பே கசியும் உற்பத்தியை அது அடக்கும். உங்கள் நொதி செல்லுக்குக் கொஞ்சம் நஞ்சாக இருந்தால், தட்டிலும் முந்தின இரவு வளர்க்கும் கல்ச்சரிலும் 0.5 முதல் 1 சதவீதம் வரை குளுக்கோஸ் வைப்பது நல்லது. பெரிய குடுவைக்குள் நூறு மடங்கு நீர்க்கும்போது அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவாகிவிடும். எதற்காகச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்த்தால் ஒரே பொருள் ஒரு குடுவையில் மருந்து, இன்னொன்றில் தொல்லை. சேர்ப்பதாக இருந்தால் தனியாக ஆட்டோகிளேவ் செய்தோ வடிகட்டியோ பிறகு ஊற்றுங்கள். அமினோ அமிலங்களோடு சேர்த்துச் சூடாக்கினால் ஊடகம் பழுப்பாகிவிடும், சத்தும் கெடும்.

இந்தக் கசிவு பற்றி எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. மாதக்கணக்காக ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு புரதம், டிரிப்டோன் புட்டி மாறிய வாரத்திலிருந்து வரவில்லை. செய்முறை அதே, கை அதே. இரவுக் கல்ச்சரைப் பழைய பழக்கப்படி காலை வரை விட்டிருந்தேன். டிரிப்டோன் பாலிலிருந்து எடுக்கும் கேசீனிலிருந்து வருவது. சில தொகுதிகளில் லாக்டோஸின் தடயம் இருக்கும், கல்ச்சர் முற்றும்போது அதுவே தூண்டிவிடும். நான் ஐபிடிஜி போடுவதற்கு முந்தின இரவே செல்கள் நச்சுப் புரதத்தைச் செய்யத் தொடங்கி, பிளாஸ்மிடையும் உதறியிருந்தன. இரவுக் கல்ச்சரில் குளுக்கோஸ் சேர்த்தேன், பிரச்சினை அந்த வாரமே போயிற்று. அப்போதிருந்து டிரிப்டோன், ஈஸ்ட் சாறு இரண்டின் தொகுதி எண்ணையும் குறிப்பேட்டில் எழுதாமல் எந்தப் பரிசோதனையும் தொடங்குவதில்லை.

சரி, ஆக்சிஜன். செல் நான்கு மடங்கானபோது குடுவையில் எவ்வளவு ஊற்றியிருந்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஓடி 5-ல் முழு வேகத்தில் வளரும் கல்ச்சர் அந்த மொத்தத்தையும் ஒரு நிமிடத்துக்குள் குடித்துவிடும். ஆக, ஒவ்வொரு நிமிடமும் அவ்வளவு ஆக்சிஜன் காற்றிலிருந்து புதிதாக உள்ளே வந்தாக வேண்டும். அது கலங்கும் மேற்பரப்பு வழியாகத்தான் வரும். 2 லிட்டர் குடுவையில் 1 லிட்டர் ஊற்றிச் சுழற்றினால், திரவம் மொத்தமாகச் சுற்றுமே தவிரச் சிதறாது. எல்.பி.யில் இது பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே செல்லே குறைவு. டெரிஃபிக் பிராத்தில் அதே பழக்கம் கழுத்தைப் பிடிக்கும். 2 லிட்டர் குடுவைக்கு 300 முதல் 400 மில்லிலிட்டர் போதும். அடியில் மடிப்பு வைத்த குடுவை கிடைத்தால் இன்னும் நல்லது. அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டாமல், காற்று போகும் மூடி போடுங்கள். வெப்பநிலையைக் குறைப்பதில் இங்கும் ஒரு லாபம் இருக்கிறது: குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், செல்லின் தேவையோ குறையும்.

தாது உப்புகளைப் பொறுத்தவரை, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சேர்ப்பதைவிட எது முதலில் தீரும் என்று கணக்கிடுவது மேல். உப்புகளும் குளுக்கோஸும் மட்டும் கொண்ட எம்9 ஊடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதில் கணக்கு சுத்தமாக வரும். லிட்டருக்கு 4 கிராம் குளுக்கோஸ் இருந்தால், அதில் ஏறக்குறைய பாதி செல்லாக மாறும், அதாவது 2 கிராம் உலர்ந்த செல். செல்லின் உலர் எடையில் சுமார் 14 சதவீதம் நைட்ரஜன், ஆக 0.28 கிராம் வேண்டும். எம்9-ல் போடும் 1 கிராம் அம்மோனியம் குளோரைடில் 0.26 கிராம்தான் நைட்ரஜன். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் தீர்கின்றன. இந்த நிலையில் குளுக்கோஸை 10 கிராமாக்கினால், மிச்ச 6 கிராமைச் செல்லாக மாற்ற நைட்ரஜனே இல்லை. அது அசிட்டேட்டாகத்தான் போகும். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக்காக நைட்ரஜன்-15, கார்பன்-13 ஏற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் போடாமல் விலையுயர்ந்த குளுக்கோஸைக் கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

டெரிஃபிக் பிராத்தில் நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. சேர்க்க வேண்டிய ஒன்று உண்டென்றால் அது மெக்னீசியம். ரைபோசோம், ஏடிபி எல்லாவற்றுக்கும் அது தேவை. 2 மில்லிமோலார் மெக்னீசியம் சல்பேட் போதும். ஆனால் பாஸ்பேட்டோடு சேர்த்து ஆட்டோகிளேவுக்குள் வைக்காதீர்கள். முதல் தடவை நான் அப்படி வைத்து எடுத்தபோது குடுவையின் அடியில் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருந்தது. ஆட்டினால் பனிபோல எழும்பி மறுபடி படியும். கிருமி தொற்றிவிட்டதோ என்று பயந்தேன், அது மெக்னீசியம் பாஸ்பேட். கலங்கலைவிடப் பெரிய நஷ்டம், செல்லுக்குப் போக வேண்டிய மெக்னீசியம் அடியில் கிடப்பதுதான். ஊடகம் ஆறிய பிறகு, தனியாக வைத்த 1 மோலார் கரைசலிலிருந்து சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள்.

இரும்பு, துத்தநாகம் போன்றவை உங்கள் நொதிக்கு உண்மையிலேயே தேவையா என்று முதலில் பாருங்கள். துத்தநாகம் பிடிக்கும் புரதமென்றால் தூண்டும் நேரத்தில் 50 முதல் 100 மைக்ரோமோலார் துத்தநாக உப்பு போதும். ஹீம் (இரும்பு தாங்கிய நிறமி) கொண்ட புரதத்துக்கு, ஹீமின் மூலப்பொருளான டெல்டா-அமினோலெவுலினிக் அமிலம் 0.5 மில்லிமோலார் அளவில் சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், வண்டல் செம்பழுப்பாக வரும். உலோகமே தேவைப்படாத நொதிக்கு, ஈஸ்ட் சாற்றில் இருப்பதே மிகுதி. கோபால்ட், நிக்கல், செம்பு மூன்றும் சற்றுக் கூடினாலும் நஞ்சு.

உங்கள் நிலையில் நான் அடுத்து முயல்வது ஸ்டூடியரின் தானே தூண்டும் ஊடகத்தைத்தான். கிளிசரால் 0.5 சதவீதம், குளுக்கோஸ் 0.05 சதவீதம், லாக்டோஸ் 0.2 சதவீதம். செல் முதலில் குளுக்கோஸைத் தின்னும், அது இருக்கும்வரை லாக்டோஸை உள்ளே விடாது. குளுக்கோஸ் தீர்ந்ததும் லாக்டோஸ் நுழையும், அதிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸ் தூண்டுதலை ஆரம்பிக்கும். கிளிசரால் இதைத் தடுக்காமல் பின்னாலிருந்து சக்தி கொடுத்துக்கொண்டிருக்கும். ஓடி பார்த்துக்கொண்டு ஷேக்கர் பக்கத்தில் நிற்க வேண்டாம், எல்லாக் குடுவைகளும் ஒரே நிலையில் தூண்டப்படும். இரண்டு எச்சரிக்கைகள்: இதிலும் பாஸ்பேட் அதிகம், எனவே கனமைசின் 100 மைக்ரோகிராம். அப்புறம், 20 டிகிரியில் வளர்த்தால் அவசரப்பட்டு அறுவடை செய்யாதீர்கள். குளுக்கோஸ் தீர்வதற்கே நேரமாகும். ஓடி நன்றாக ஏறியிருக்கிறதே என்று காலையில் எடுத்தால் தூண்டலே தொடங்காத செல்களை அள்ளிவிட வாய்ப்புண்டு. முதல் சில மணி நேரம் 37-ல் வளர்த்துப் பிறகு இறக்கினால் இந்தச் சிக்கல் குறையும்.

நொதிக்கலனுக்கு (காற்றையும் பிஎச்சையும் கட்டுப்படுத்தி வளர்க்கும் கலன்) போகும் எண்ணம் இருந்தால் சமையல் குறிப்பே மாறும். அங்கே சத்து நிறைந்த ஊடகத்தைவிட, எல்லாம் எடைபோட்டுச் சேர்த்த எளிய உப்பு ஊடகம்தான் நம்பகமானது. குளுக்கோஸைச் சிறுகச் சிறுக ஊட்டி, வளர்ச்சி வேகத்தை மணிக்கு 0.1 முதல் 0.2 வரை கட்டுப்படுத்தினால் அசிட்டேட் தேங்காது. அம்மோனியா நீர் பிஎச்சையும் பிடிக்கும், நைட்ரஜனும் கொடுக்கும். இந்த வழியில் லிட்டருக்கு 100 கிராம் உலர் செல்லுக்கு மேல் எட்டியிருக்கிறார்கள்.

கடைசியாகப் புள்ளியியல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது என்பது உண்மை. 37 டிகிரியில் ஐபிடிஜியை மாற்றி மாற்றிப் பார்த்து 1 மில்லிமோலார்தான் சிறந்தது என்று முடிவுகட்டிவிட்டு, அதையே 18 டிகிரிக்கு எடுத்துப் போனால் தப்பாகிவிடும். அங்கே 0.1 நன்றாக இருக்கலாம். பிளாக்கெட்டும் பர்மனும் 1946-ல் கொடுத்த திட்டத்தில் 12 குடுவைகளில் 11 காரணிகளைச் சலித்துவிடலாம். ஆனால் காரணிகள் ஒன்றையொன்று பாதிப்பதை அது பிரித்துக் காட்டாது, தனி விளைவோடு கலந்துவிடும். அதனால் அதைச் சலிக்க மட்டும் வைத்துக்கொண்டு, தேறும் இரண்டு மூன்று காரணிகளைப் பாக்ஸ்-பென்கன் போன்ற திட்டத்தில் நுணுக்கமாகப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஒரே ஊடகத்தில், ஒரே நாளில், மூன்று குடுவைகளை வளர்த்து எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று பாருங்கள். அவற்றுக்குள்ளேயே 30 சதவீதம் ஏறி இறங்கினால், 20 சதவீத முன்னேற்றத்தை எந்தத் திட்டமும் பிடித்துத் தராது. சின்னக் குழாயிலோ ஆழ்குழித் தட்டிலோ ஓட்டிய முடிவைப் பெரிய குடுவைக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. ஆக்சிஜன் நிலைமை இரண்டிலும் வேறு.

இந்த வாரம் நான்கு குடுவைகள் போதும், எல்லாம் 20 சதவீதம் மட்டும் நிரப்பியவை: எல்.பி. ஒன்று, இப்போதுள்ள கனமைசின் அளவில் டெரிஃபிக் பிராத் ஒன்று, 100 மைக்ரோகிராம் கனமைசினும் மெக்னீசியமும் சேர்த்த டெரிஃபிக் பிராத் ஒன்று, தானே தூண்டும் ஊடகம் ஒன்று. ஒவ்வொன்றிலும் தூண்டும் நேரத்துத் தட்டு எண்ணிக்கை, அறுவடை நேரத்து ஓடியும் பிஎச்சும், ஒரு கிராம் செல்லுக்குக் கரைந்த புரதம் எவ்வளவு என்பதை எழுதுங்கள். (தானே தூண்டும் குடுவைக்கு, ஓடி 1-ஐ ஒட்டியிருக்கும்போது தட்டில் பரப்புங்கள்.) ஓடியை 0.4-க்குக் கீழே நீர்த்து அளந்து பெருக்குங்கள், நேராக 6 என்று காட்டும் எண்ணை நம்பாதீர்கள். அந்த எண்களோடு வாருங்கள், அப்புறம் எந்த உப்பு, எவ்வளவு என்று உட்கார்ந்து பேசலாம்.